டிரேசிக்கு வந்த மஞ்சள் கடுதாசி

செப்டம்பர் 12, 2011, திங்கள்

பஸ் யார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை ட்ரிப் முடிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மத்தியானம் வரை சும்மாதான் இருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுகிறார்கள். எனக்குச் சீட்டு வராது, வாய்தான் வரும். வாயைக் காட்ட இங்கே தமிழ் ஆள் கிடையாது. அதனால் நோட்டு.

நேற்று முடிவாகிவிட்டது. டிரேசி ஊரில் இருக்கிற எங்கள் வீட்டை விற்கிறோம். விற்கிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீட்டின் மேல் இருக்கிற கடன் நாலே முக்கால் லட்சம் டாலர். வீட்டை இன்றைக்கு யாராவது வாங்கினால் இரண்டு லட்சத்துச் சொச்சம் கொடுப்பார்கள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. இந்தக் கலிபோர்னியாப் பக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீட்டு வாசலில் ஆள் இல்லாமல் புல் காய்ந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி இரண்டு வருஷம் முன்னால் ஆட்களைக் கழித்தபோது அவரையும் கழித்தது. இப்போது பாதிச் சம்பளத்துக்கு ஒரு கான்ட்ராக்ட். என் பஸ் சம்பளம் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் சரி. கோடைக்கு அப்புறம் வீட்டுக் கடன் கட்டவில்லை.

ஏஜென்ட் ஷெரில் இதற்கு ஷார்ட் சேல் என்று பேர் சொன்னாள். கிடைக்கிற விலைக்கு விற்றுக் காசை பேங்க் எடுத்துக்கொள்ளும். மீதிக் கடனை மன்னித்துவிடுமாம். மன்னிக்கிறதற்கு நான் என்ன அவர்கள் காலையா மிதித்தேன்? ஊரில் விவசாயிகளுக்குச் செய்தால் அதற்குத் தள்ளுபடி என்று பேர். தள்ளுபடி செய் தாயே, மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று ஷெரிலிடம் சொல்ல நினைத்தேன். இங்கிலீஷில் அந்த ருசி வராது என்று விட்டுவிட்டேன்.

எனக்கொன்றும் வருத்தம் இல்லை. செங்கல்லும் பலகையும்தானே. இங்கே செங்கல்கூட இல்லை, வெறும் பலகை.

செப்டம்பர் 20, செவ்வாய்

எதிர் வீட்டில் இருந்த ராபர்ட் வந்தான். போன வருஷம் இதே மாதிரி விற்றுவிட்டுப் போனவன். தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவன், வாசலில் போர்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "டாக்ஸ்காரரைப் பார்த்தாச்சா?" என்று கேட்டான்.

எதற்கு என்றேன்.

பேங்க் விட்டுக்கொடுக்கிற கடன் இருக்கிறதே, அது நமக்கு வருமானமாம். பேங்க் அதை அரசாங்கத்துக்கு எழுதிப் போடுமாம். அரசாங்கம் அதற்கு வரி கேட்குமாம். ராபர்ட் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு போகிறது, கையில் பத்துக் காசு வரவில்லை, அதற்குப் பேர் வருமானம். இப்படி ஒரு வருமானத்தை எங்கள் சாத்தூரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவரிடம் சொன்னேன். ம் என்றார். இப்போதெல்லாம் அவர் பேச்சில் பாதி 'ம்'தான்.

செப்டம்பர் 28, புதன்

டோலோரஸ் என்கிற அம்மாவிடம் போனோம். வரிக் கணக்குப் பார்க்கிறவள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நல்ல பொம்பளை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கோபப்படாமல் பதில் சொன்னாள்.

ராபர்ட் சொன்னது நிஜம்தான். ஆனால் குடியிருக்கிற வீட்டை வாங்க எடுத்த கடன் என்றால் அதற்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது, தள்ளுபடியானாலும் வரி கிடையாது என்றாள். பெரிய கடன் அதில் போய்விடும். நான் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துகொண்டேன். அப்புறம் கேட்டாள், "அந்த இரண்டாவது கடன், தொண்ணூறாயிரம், எதற்காக எடுத்தீர்கள்? வீட்டை எடுத்துக் கட்டினீர்களா?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்று நான் சொன்னேன். "அவர் அப்பாவின் கடனை அடைத்தோம். இந்தியாவில்."

அப்படியென்றால் அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த இரண்டாவது கடன் கொடுத்த பேங்க் ஏதோ ஐயாயிரம் வாங்கிக்கொண்டு மீதியை விட்டால், விட்டது முழுக்க வருமானம். இந்த அரசாங்கம், அந்த மாநிலம் என்று எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் டாலர் பக்கம் வரி வரும் என்றாள். சொல்லிவிட்டு உடனே ஒரு தாளை எடுத்தாள். ஒரு பக்கம் எங்கள் கடன் எல்லாம். மறுபக்கம் எங்கள் சொத்து எல்லாம். வீடு, கார், அவர் ஓய்வுப் பணம், மகள் அபிநயா காலேஜுக்குச் சேர்த்தது, சாத்தூர் பிளாட், என் நகை. நகையும் உண்டா என்று கேட்டேன். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் உண்டு என்றாள். ஒளிக்கிற ஜாதி நான் இல்லை. கம்மல் முதற்கொண்டு சொன்னேன்.

கூட்டிக் கழித்தாள். சொத்தைவிடக் கடன் ஒரு லட்சத்துக்கு மேல் அதிகம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பேங்க் கடனை விடுகிற அந்த நிமிஷத்தில் நாங்கள் முழுகிப்போனவர்கள் என்றால், முழுகிய ஆழம் வரைக்கும் வரி கிடையாது. கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம். வரிக் கணக்கோடு ஒரு ஃபாரம் வைத்து, அதில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கணக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். நீங்கள் தகுதியானவர்கள் என்றாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். இங்கிலீஷ் வார்த்தைதான். அவருக்கு அது தமிழில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். திவால்.

"நோ மேடம்" என்று எழுந்தார். "ஐ வில் பே." வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போனபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"முப்பதாயிரத்துக்கு எங்க போவீங்க?"

"தவணை கேப்பேன். பிளாட்ட விப்பேன். ஏதோ பண்ணுவேன்."

"ஒரு டிக்கு. அம்புட்டுதான்."

"எங்கப்பனும் ஒரு கையெழுத்துதான் போட்டாரு சந்தனம்."

வண்டியை எடுத்தார். வீடு வரைக்கும் ரேடியோ பாடியது.

அக்டோபர் 3, திங்கள்

இதை எழுதி வைக்கத்தான் வேண்டும். அபிநயாவுக்கு இது தெரியாது. பன்னிரண்டாவது படிக்கிறவள், அவளுக்கு மஞ்சள் கடுதாசி என்றால் என்ன புரியும்?

என் மாமனார் சங்கரபாண்டியன் சாத்தூரில் வத்தல் மண்டி வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மிளகாய் வத்தலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். விற்றதும் காசு. விற்கிற வரைக்கும் வாய்வார்த்தைதான். ஒரு வருஷம் வடக்கே சரக்கு வாங்கியவர்கள் காசு அனுப்பவில்லை. மாமனாருக்கு முழி பிதுங்கிவிட்டது. வக்கீலிடம் போனார். என்னால் கொடுக்க முடியாது, நான் திவால் என்று கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் போனது. எங்கள் பக்கம் அதற்கு மஞ்சள் கடுதாசி என்று பேர். ஒருவர் அதைக் கொடுத்தால் அத்தோடு அவர் கணக்கு முடிந்தது. சட்டம் அவரை விட்டுவிடும். ஊர் விடாது.

என் வீட்டுக்காரருக்கு அப்போது காலேஜில் கடைசி வருஷம். மாமனார் அதற்கப்புறம் சாகும் வரைக்கும் கடைத்தெரு வழியாக நடக்கவில்லையாம். பின்சந்து வழியாகத்தான் போக்குவரத்து. வீட்டிலும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாராம். சொந்த அண்ணன், அடுத்த தெருவில் இருந்த சுந்தரவேல், டீக்கடையில் நின்றுகொண்டு, "சங்கரபாண்டி பேரைச் சொன்னா தீப்பெட்டிகூட கடன் குடுக்காதீங்க" என்று சொன்னாராம். இவருக்குப் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா. இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவார். வீடு எப்படி இருக்கு என்று கேட்பார். நல்லா இருக்கு பெரியப்பா என்பார் இவர்.

இரண்டாயிரத்து ஆறில் வீட்டு விலை ஏறி நின்றபோது, பேங்க் வீட்டுக்கே போன் போட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டது. இவர் தொண்ணூறாயிரம் வாங்கினார். ஊருக்குப் போனோம். அப்பா யார் யாருக்கு நோட்டீஸ் விட்டாரோ அத்தனை வீட்டுக்கும் போனோம். ஆள் செத்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தார். சட்டப்படி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. போன வீட்டிலெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எனக்கு வயிறு உப்பிப்போனது. ஆனால் இவர் அந்த ஒரு மாசம் நடந்த நடை இருக்கிறதே, அந்த மாதிரி நிமிர்ந்து அவர் நடந்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பெரிய மாமா மட்டும் வாங்கவில்லை. காசைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் திமிரை நான் மறக்க மாட்டேன்.

அக்டோபர் 14, வெள்ளி

அவருடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. இனி பகலெல்லாம் வீட்டில்தான். யார்டில் இருந்து போன் பண்ணினேன், அரிசி களைந்து வைத்தாரா என்று கேட்க.

அக்டோபர் 18, செவ்வாய்

போன் பண்ணினேன். பருப்பு ஊறப்போடச் சொல்ல மறந்துவிட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

சூப்பர்வைசர் கேரன் கூப்பிட்டுக் கேட்டாள், காலி பஸ்ஸை ஏன் என் வீட்டுத் தெரு வழியாக ஓட்டி வருகிறாய், அது உன் ரூட் இல்லையே என்று. மெயின் ரோட்டில் டிராபிக் என்றேன். டிரேசியில் எங்கே டிராபிக் என்றாள். எழுதிக் கொடுக்கவா என்றேன். விட்டுவிட்டாள்.

அவர் பின்பக்கம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலியைப் பார்த்து.

அக்டோபர் 25, செவ்வாய்

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், சமைக்க வேண்டாம், மணம் பிடிக்காது என்று ஷெரில் சொல்லியிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வருகிற நேரம் பார்த்து மோர் மிளகாய் வறுத்தேன். ஒரு சட்டி நிறைய. வந்தது ஒரு இளம் ஜோடி, அந்தப் பிள்ளைகள் இரண்டும் இருமிக்கொண்டே மாடி ஏறின. இன்னும் இது என் வீடு. பேங்க் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் சிரித்தார். அதற்காகவே இன்னொரு சட்டி வறுத்திருப்பேன்.

நவம்பர் 9, புதன்

அந்த இருமிய பிள்ளைகள்தான் வாங்குகிறார்கள். இரண்டு பேங்கும் சம்மதித்துவிட்டன. இவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். எங்கே போடச் சொன்னாலும் போடுகிற மனுஷன் அந்த ஒரு இடத்தில் மட்டும் போட மாட்டாராம்.

காய்கறி வாங்க இப்போதெல்லாம் அடுத்த ஊர் ஸ்டாக்டனுக்குப் போகிறார். டிரேசிக் கடையில் நம் ஆட்கள் யாராவது இருப்பார்கள். கேட்டால், அங்கே வெண்டைக்காய் பிஞ்சாக இருக்கிறதாம். முற்றல்தான் வாங்கி வருகிறார். அதையே சாம்பாரில் போடுகிறேன்.

டிசம்பர் 16, வெள்ளி

சாவியைக் கொடுத்தாச்சு. மாடிக் குடித்தனம், இரண்டு ரூம். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு படி ஏறியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது இடுப்புக்காக.

ஜனவரி 30, 2012, திங்கள்

பேங்குகளில் இருந்து இரண்டு தாள் வந்துவிட்டது. உனக்கு இவ்வளவு கடனை விட்டோம், அரசாங்கத்துக்கும் சொல்லிவிட்டோம் என்று. அவர் அந்த இரண்டாவது கடன் தாளை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

சாப்பிடும்போது கணக்குச் சொன்னார். சாத்தூர் பிளாட்டை விற்றால் பாதி. மீதி மாசத் தவணை. "அபி காலேஜுக்கு வச்சிருக்கதுல கொஞ்சம் எடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும். ஒன் நகையத் தொட மாட்டேன்" என்றார், பெரிய தியாகி மாதிரி.

அபிநயா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பரவாயில்லப்பா. நான் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ் போறேன், ஃபீஸ் கம்மி. அங்கயும் படிக்கலாம்."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். விண்ணப்பம் போட்டிருக்கிற காலேஜ்களின் படங்களை அவள் ரூம் சுவரில் ஒட்டியிருந்தாள். காலையில் பார்த்தேன், சுவரில் டேப் மட்டும் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு இன்றைக்கு பஸ்ஸில் ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

இன்றைக்கு யார்டில் வேலை இல்லை, லீவு. அதனால் வீட்டிலேயே வைத்துக் கேட்டுவிட்டேன். அடக்கி அடக்கி எனக்கு நெஞ்சு வலிதான் மிச்சம்.

"நீங்க யாருக்காக இந்த வரியக் கட்டுறீங்க?"

"எனக்காகத்தான்."

"பொய். சாத்தூர் டீக்கடைக்காக."

முறைத்தார். முறைக்கட்டும் என்று தொடர்ந்தேன். "உங்கப்பா ஏமாத்துனது வத்தல் போட்ட வெள்ளாமைக்காரச் சம்சாரிகள. அவுக வீட்டுல உலை கொதிக்கல. அத நீங்க தீத்தீங்க. நான் தடுத்தனா? ஒரு வார்த்தை தடுத்தனா? என் வீட்டு மேல கடன் வாங்குனப்ப நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனா இந்த பேங்குக்காரன் சம்சாரி இல்ல. அவனா போன் பண்ணி, வாங்கு வாங்குன்னு கடன் குடுத்தான். இப்ப அவன் வீட்டுல உலை கொதிக்காம இல்ல."

"கடன் கடன்தான்."

"சரி, கடன் கடன்தான். நம்மகிட்ட இல்லைங்கிறதும் உண்மைதான். இல்லாதத இல்லைன்னு எழுதுறதுக்கு என்ன வெக்கம்? இருக்குன்னு எழுதுனாத்தான் பொய்."

அவர் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "இல்லைன்னு சொல்றதுல இல்ல சந்தனம். எங்கப்பா நேர்ல போயி சொல்லல. தபால்ல போட்டுட்டு வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல. இந்த ஃபாரமும் தபால்லதான் போகுது."

எழுந்து போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே இன்னொரு தரம் களைந்தேன்.

மார்ச் 5, திங்கள்

அந்த மனுஷன் இன்றைக்குச் செய்த காரியத்தை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

காலையில் நான் ட்ரிப் முடித்துவிட்டு வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ஷூ மாட்டி நிற்கிறார். எங்கே என்றேன். பேங்குக்கு என்றார். இரண்டாவது கடன் கொடுத்த பேங்குக்கு டிரேசியில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே போய் மேனேஜரிடம் நேரில் சொல்லப் போகிறாராம், உங்கள் கடனை என்னால் கட்ட முடியவில்லை என்று. சொல்லிவிட்டால் கையெழுத்துப் போடுவாராம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானும் கூடப் போனேன். மத்தியான ட்ரிப்புக்கு நேரம் இருந்தது.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். இவர் கையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷில் சொன்னார். நான் இவ்வளவு வாங்கினேன். நாணயமாகக் கட்டத்தான் நினைத்தேன். வேலை போனது. வீடும் போனது. என்னால் முடியவில்லை. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்தேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அந்தக் கடன் இங்கே இல்லை என்றாள். எப்போதோ வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம், பேங்க் பெயரில் தாள் மட்டும்தான் போகுமாம். அந்தக் கம்பெனி எங்கே என்றார். டெக்ஸாஸில் ஒரு தபால் பெட்டி நம்பர் இருந்தது. அந்தக் கம்பெனியும் இன்னொருவருக்கு விற்றிருக்கிறதாம். மேனேஜர் வந்தான். எங்கள் அபியைவிட நாலைந்து வயது கூட இருப்பான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பாக்கி பூஜ்யம் சார், நீங்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று கை குலுக்கினான். புதுசாகச் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறீர்களா என்றும் கேட்டான்.

காரில் வந்து உட்கார்ந்ததும், "யாரிட்ட சொல்றது?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. "சொல்றதுக்கே ஆளு இல்லையே."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை இங்கே எழுதிவிட்டேன், சரி. மத்தியான ட்ரிப்புக்கு லேட்டாகத்தான் போனேன். கேரன் எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன். காரணம்: குடும்பம்.

மார்ச் 22, வியாழன்

டோலோரஸ் போன் பண்ணினாள். கணக்கு இரண்டு விதமாகவும் தயார் பண்ணி வைத்திருக்கிறாளாம், டிக் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. ஏப்ரல் நடுவுக்குள் ஏதாவது ஒன்று போக வேண்டும். இரண்டையும் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதன் மேல் கறிக்குழம்பு சிந்தினால்கூடப் பரவாயில்லை என்று அங்கேயே பரிமாறினேன். மூன்று பேரும் தாளைத் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டோம்.

அபிக்கு அவள் ஆசைப்பட்ட காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை என்னிடம் மட்டும் காட்டினாள். "அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்கம்மா, கஷ்டப்படுவாங்க" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். எதற்காக மறைக்க வேண்டும்? அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நானும் அபியும் வெளியே நின்றோம். அவர் வருகிற வரைக்கும் நின்றோம்.

ஏப்ரல் 9, திங்கள்

நேற்று ஞாயிறு. பெரிய மாமா போன் வருகிற நாள்.

வழக்கமாக மணி அடித்து, இவர் எடுத்து, நல்லா இருக்கு பெரியப்பா என்று சொல்லிவிட்டு வைப்பார். நேற்று மணி அடிக்கிறதுக்கு முன்னாலேயே இவராக எண்ணைப் போட்டார். போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்னப்பா, நீயே போடுற. வீடு எப்படி இருக்கு?"

"வீடு போச்சு பெரியப்பா."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"எப்ப?"

"டிசம்பர்ல."

"அப்ப இத்தன வாரமா நல்லா இருக்குன்னியே."

"பொய் சொன்னேன். கடனக் கட்ட முடியல. வீட்ட வித்தும் மீதி நின்னுருச்சு. அத விட்டுட்டாக. இப்ப சர்க்காருக்கு, நான் திவால்னு எழுதிக் குடுக்கப் போறேன். குடுத்தா வரி இல்ல. குடுக்காட்டி பிள்ள படிப்பு போயிரும்." மூச்சு வாங்கினார். "வேற யாரு மூலமாவும் ஒங்க காதுக்கு வர வேண்டாம்னு நானே சொல்றேன். நீங்க டீக்கடையில சொன்னாலும் சரி."

நான் போனைப் பிடுங்கத் தயாராக நின்றேன். அந்தக் கிழவர் உங்கப்பன் வழிதான நீயும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், ஆறு வருஷத்துக் கோபத்தையும் இன்றைக்கு இறக்கிவிடுவது என்று.

அந்தப் பக்கம் டிவி நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஏப்பா பால்பாண்டி. உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் எம்புட்டு தூரம் இருக்கும்?"

"அடுத்த தெருதான பெரியப்பா."

"அடுத்த தெரு. எனக்கு அந்தக் கடுதாசிய தபால்காரன் கொண்டாந்து குடுத்தான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்குனேன். உங்கப்பனுக்கு நான் கைமாத்தா குடுத்ததுக்கு. அன்னைக்குக் காலையில அவன் என் வாசல் வழியாத்தான் போயிருக்கான். 'அண்ணே, முடியல'ன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா மண்டி வாசல்ல அவன் பக்கத்துல நான் நின்னிருப்பேன். கேக்க வந்தவன நான் கேட்டிருப்பேன். அவன் என்னையும் கடன்காரனோட கடன்காரனா சேத்து தபால்ல போட்டான்."

இவர் போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்தார்.

"நீ காசு கொண்டாந்தியே. அதுக்குத்தான் கதவச் சாத்துனேன். எனக்குக் காசா வேணும்?" இருமினார். "நீ வாயத் தொறந்து சொல்லிட்ட. அம்புட்டுதான் விசயம். போயி கையெழுத்தப் போடு. பிள்ளைய எந்தக் காலேஜுல சேக்குற?"

இவர் காலேஜ் பெயரைச் சொன்னார். பெரிய மாமாவுக்கு அது புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. நான் போனை எடுத்து, "நான் சந்தனமாரி பேசுறேன் மாமா" என்றேன். அதற்கு மேல் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டாராம்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் இவர் டிக் போடாத கணக்கை நாலாக மடித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். மற்றதை இழுத்து வைத்தார். நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன். அந்த நேரத்தில் ஒருத்தர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று தோன்றியது. வெங்காயத்தை எடுத்தேன்.

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏ சந்தனம், ஒன் கையெழுத்தும் வேணும்" என்று கூப்பிட்டார். என் குரல் மாதிரியே இருந்தது, அதிகாரமாக.

கை துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் இடம் எது என்று விரலை வைத்துக் காட்டினார். நான் எப்போதும் கோழி கிண்டின மாதிரி ஒரு கிறுக்கல்தான் போடுவேன். நேற்று சந்தனமாரி பால்பாண்டி என்று முழுசாக, கொட்டை எழுத்தில், டெக்ஸாஸில் தபால் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி எழுதினேன்.